டென்வர் காற்றா, வாக்கரின் மட்டையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ரன் மழை பொழிகிற மைதானம் ஒரு பேஸ்பால் வீரருக்குச் சொந்த மைதானமாக அமைந்துவிட்டால் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர அவருக்குள்ள தகுதி குறையுமா, குறையாதா? குறையாது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் லாரி வாக்கரை எடுத்துக்கொண்டார். அவர் ஆடிய கொலராடோ ராக்கீஸ் அணியின் சொந்த மைதானம், டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்டு. அங்கே அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் விகிதம், 0.381, வெளியூர்களில் 0.278. 'இடையில் இருப்பது டென்வர் காற்று' என்றார். எண்கள் சரி. டென்வர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காற்று லேசு, அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எறியும் கர்வ் பால் என்ற வளைபந்து வளைவதே காற்றின் பிடியால்தான். டென்வரில் அந்தப் பிடி தளர்வு, பந்து அதிகம் வளையாது. அங்கே பார்த்துப் பழகிய கண், அடுத்த வாரமே கடலோர சான் ஃபிரான்சிஸ்கோவில் நன்றாக வளையும் பந்தைச் சந்திக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் இதே அவஸ்தை. அப்படியிருக்க, வெளியூர் சராசரியை மட்டும் காட்டி 'இதுதான் இவருடைய அசல் தரம்' என்கிறார்கள். வீட்டில் கூடுதலாகக் கிடைத்ததைக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு, வெளியே பறிபோனதைக் கூட்டத் தெரியவில்லையே!

சரி, காற்றே இல்லாத ஒரு கணக்கைப் பார்ப்போம். 1997ஆம் ஆண்டு வாக்கர் 49 ஹோம் ரன் அடித்து, தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அவற்றில் 29 வெளியூர்களில் அடித்தவை. நடுவர் அவர்களே, அந்த 29 பந்துகளை எந்த ஊர்க் காற்று தூக்கிப் போனது?

மைதானத்தின் சாதக பாதகத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க ஓபிஎஸ் பிளஸ் என்றொரு பேட்டிங் அளவுகோலே இருக்கிறது. சராசரி வீரருக்கு 100. கூர்ஸ் ஃபீல்டுக்கான தள்ளுபடி எல்லாம் போக வாக்கருக்கு 141. அவர் ஆடிய 1,988 ஆட்டங்களில் கூர்ஸில் ஆடியவை 597தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்கெனவே கழித்துவிட்ட எண்ணிலிருந்து மறுபடியும் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

அப்புறம், பேட்டிங்கை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பந்து பறக்கும் என்பதற்காகவே கூர்ஸில் சுவர்களைத் தள்ளிக் கட்டினார்கள். அதனால் அங்கே ஃபீல்டர்கள் காக்க வேண்டிய பரப்பு மிகப் பெரியது. அதில் ரைட் ஃபீல்டைக் காத்தவர் இதே வாக்கர். சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் குளோவ் விருதுகள் ஏழு வாங்கியிருக்கிறார், அதில் ஐந்து ராக்கீஸ் சட்டையில். பெரிய மைதானம் கொடுத்ததை எண்ணுகிறவர்கள், அது கேட்ட ஓட்டத்தையும் எண்ண வேண்டாமா?

இன்னொரு பக்கம் சாண்டி கூஃபாக்ஸ் என்ற பிட்சர். பிட்சர்களுக்குச் சொர்க்கமான டாட்ஜர் ஸ்டேடியத்தில் அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, வெறும் 1.37. மைதானம் உதவியது என்று சொல்லி அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. 1972இல், முதல் வாய்ப்பிலேயே தேர்வானார். முழுக்க முழுக்கத் தகுதியானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிட்சருக்கு உதவிய மைதானத்தை மன்னித்த கை, பேட்டருக்கு உதவிய மைதானத்துக்கு மட்டும் அபராதம் போடுகிறது. அதுதான் என்னை வதைக்கிறது.

தேர்வாக பேஸ்பால் எழுத்தாளர்களின் 75 சதவீத வாக்கு வேண்டும், வாய்ப்பு பத்து ஆண்டுகளுக்கு. 2011இல் வாக்கருக்குக் கிடைத்தது 20.3 சதவீதம். 2014இல் அது 10.2 ஆகச் சரிந்தது. கடைசி வாய்ப்பான 2020இல் 76.6. தேவைக்கு மேல் ஆறே ஆறு வாக்குகள்! ஏழே ஏழு பேர் மனம் மாறாமல் இருந்திருந்தால், இந்த மனிதர் எழுத்தாளர்களின் பட்டியலிலிருந்தே விழுந்திருப்பார்.

அவருக்குப் பின் வந்த டாட் ஹெல்டன், ஆடிய 17 ஆண்டுகளும் ராக்கீஸுக்கே ஆடியவர். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அந்த அணி எடுத்தது, போனார். மைதானத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. அவரையும் ஆறாவது முறைதான், 2024இல்தான், உள்ளே விட்டார்கள். முதல் ஐந்து முறையும் அவரை வெளியே நிறுத்தியது எந்தக் குறை என்று எதிரணியினர் எழுந்து சொல்லட்டும். கேட்கக் காத்திருக்கிறேன்.

வணக்கம்.