தாதாவைச் சாய்ப்பது சட்டமே!

நடுவர் அவர்களே! சோவியத் உடைந்தபின் ஆட்டம் போட்ட தாதாக்களை முடித்தது தோட்டாதான், சட்டமில்லை என்று எதிரணி நண்பர் அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காட்டிய ஆள் இவான்கோவ், பட்டப்பெயர் யாப்போஞ்சிக். சரி, அவரையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

1982இல் சோவியத் நாட்டில் 14 வருடத் தண்டனை. 1991இல் முன்கூட்டியே விடுதலை. அடுத்த வருடமே அமெரிக்கா! அங்கே ரஷ்யர் இருவர் நடத்திய முதலீட்டு நிறுவனத்தை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார், 1995இல் எஃப்.பி.ஐ. அமுக்கியது. தண்டனை முடிந்து 2004இல் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். மாஸ்கோ உணவகத்தில் துருக்கியர் இருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு அங்கே காத்திருந்தது. கூண்டேறிய சாட்சிகள், "இந்த ஆளைப் பார்த்ததே இல்லை" என்றார்கள். அதில் ஒருவர் போலீஸ்காரர், நடுவர் அவர்களே! விடுதலை. 2009 ஜூலையில் உணவகத்தைவிட்டு வெளியே வந்தவரை மறைந்திருந்து சுட்டார்கள். அக்டோபரில் உயிர் போனது.

நண்பர் இங்கே கதையை முடித்துவிட்டார். ஆனால் மாஸ்கோவில் அது முடியவில்லையே! 'தாத்தா ஹசன்' என்ற இன்னொரு தாதா உசோயான் கோலோச்சினார். 2013இல் அவரும் உணவக வாசலில்தான் சுடப்பட்டார். பின்னர் அந்த இடத்துக்கு ஷாக்ரோ என்ற அடுத்த தாதா. தோட்டா ஆளைச் சாய்த்தது, நாற்காலி அசையவில்லை.

நாற்காலியை உடைத்தது யார்? முன்பு சோவியத்தில் இருந்த ஜார்ஜியா நாடு. இந்தத் தாதாக்களுக்கு 'வோர்', அதாவது திருடன் என்று ஒரு பட்டம் உண்டு. சக திருடர்களே கூடி முடிசூட்டுவார்கள். பட்டம் வாங்கியவன் கேட்டவரிடம் அதை மறுக்கக் கூடாது. மறுத்தால் கூட்டத்தில் மரியாதை போச்சு. 2005இல் ஜார்ஜியா என்ன செய்தது தெரியுமா? அந்தப் பட்டம் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் போட்டது. "நீ வோரா?" ஆமென்றால் சிறை, இல்லையென்றால் பட்டம் பறிபோகும். மாஸ்கோவில் சாட்சிகளுக்கு ஞாபகமறதி வந்ததே, இங்கே சாட்சியே வேண்டாம்; அவன் நாக்கு போதும்! பல வோர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடினார்கள்.

ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்த ரஷ்யாவே 2019இல் அதே வழிக்கு வந்தது: குற்ற உலகின் உச்சப் பதவியில் இருந்தாலே 8 முதல் 15 ஆண்டு சிறை. தோட்டாவே வேலையை முடித்திருந்தால் இந்தச் சட்டப்பிரிவு யாருக்காக? எதிரணி சொல்லட்டும். வணக்கம்.