பென் டிரைவ் செருகியதும் கணினி தானே திறக்கலாமா?

தேவகோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென் டிரைவ் வருது. செருகினதும் கம்ப்யூட்டர் தானா திறந்து காட்டுறது நல்லதா, கேட்டுட்டுத் திறக்கிறது நல்லதா?"

தம்பி, என் பதில் இதுதான். வந்தது தெரிய வேண்டும், ஆனால் நாம் சொல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. ஐகான் வரட்டும், பெயர், மொத்த இடம், அதில் எவ்வளவு காலி என்று காட்டட்டும், அதோடு நிற்கட்டும். நம்ம பக்கத்து வீடுகளில் முன்பின் தெரியாதவர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்த பிறகுதானே வளவுக்குள் கூப்பிடுகிறோம்? மரியாதைக் குறைவே இல்லை அதில். கணினிக்கும் அந்தத் திண்ணை வேண்டும் என்கிறேன்.

விண்டோஸ் 95 வந்தபோது ஆட்டோரன் என்று ஒன்று வைத்தார்கள். சிடியைப் போட்டால் அதிலிருக்கும் புரோகிராம் தானே ஓடும். கம்பெனியில் அச்சடித்து வரும் சிடிக்கு அது வசதிதான், ஆனால் பென் டிரைவில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாமே! 2008 கடைசியில் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் கிளம்பியபோது அது பரவிய வழிகளில் பென் டிரைவும் ஒன்று, அதற்கு வாசலைத் திறந்துவிட்டது இந்த ஆட்டோரன். 2009இல் வந்த விண்டோஸ் 7இல்தான் பென் டிரைவுக்கு அதை நிறுத்தினார்கள், அதற்கு முந்தைய விண்டோஸ்களான எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் அந்தத் தடையை அப்டேட் வழியாகப் பரவலாகக் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேருடைய கணினி கெட்டது!

சரி, தானாக ஓடுவது நின்றது, அப்புறம் ஷார்ட்கட் வைரஸ் வந்தது. உங்கள் கடைக்கு வருவதில் பாதித் தொல்லை இதுவாகத்தான் இருக்கும். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை, அதாவது கிளிக் செய்தால் வைரஸை ஓட்டிவிடும் குறுக்குவழி ஐகானை, வைத்துவிடும், நாமே கிளிக் செய்து நாமே உள்ளே விடுகிறோம். ஃபோல்டர் ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் தொடாதீர்கள். மறைந்திருக்கும் ஃபைல்களையும், ஃபைல் பெயரின் கடைசியில் அது என்ன வகை என்று சொல்லும் எக்ஸ்டென்ஷனையும் காட்டும்படி எக்ஸ்புளோரரில் மாற்றி வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிவது ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்துத்தான். டிரைவில் இருப்பது புரியவில்லை என்றால் விண்டோஸ் உடனே, "இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கிறது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, அழிக்கட்டுமா என்று ஏன் கேட்க வேண்டும்? விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தில் ஃபார்மேட் செய்த நல்ல டிரைவாக இருக்கும், காப்பி ஆகும்போதே பாதியில் பிடுங்கியதாக இருக்கும். போன வருஷம் காரைக்குடியில் என் கடைக்கு ஒரு ஆச்சி ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தார்கள், அய்யாவின் சதாபிஷேகப் படங்கள் மொத்தமும் அதில்தான். பேரன் அந்தப் பெட்டியைப் பார்த்து, கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று ஃபார்மேட் கொடுத்துவிட்டு, காலியாகத்தானே இருக்கிறது என்று இரண்டு சினிமாவையும் ஏற்றிவிட்டான். குயிக் ஃபார்மேட் என்பதால் உள்ளே இருந்த படங்கள் உடனே அழியவில்லை, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போயிருந்தது, அதனால் பெரும்பாலும் மீட்டுவிட்டேன். சினிமா உட்கார்ந்த இடத்தில் இருந்தவை போனவைதான். அதில் அய்யாவும் ஆச்சியும் மாலை மாற்றிய படங்களும் இருந்தன. பையன் மேல் தப்பே இல்லை. அந்தப் பெட்டியில், "இதைப் படிக்க முடியவில்லை, உள்ளே தகவல் இருக்கலாம்" என்று முதலில் இருக்க வேண்டும், ஃபார்மேட் என்பது தேடிப் போய் எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அதுவரை நீங்கள் கேன்சல் கொடுங்கள், அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

பென் டிரைவ் போலவே இருந்துகொண்டு, கணினியிடம் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு, நாம் தட்டுவதுபோலவே கட்டளைகளைத் தட்டிவிடும் சாமானும் உண்டு. 2014இல் பேட் யூஎஸ்பி என்று ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். கடையில் கிடந்தது, தெருவில் கிடந்தது என்று எதையும் செருகிப் பார்க்க வேண்டாம்.

பிடுங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தாலும் கொஞ்சம் இன்னும் டிரைவுக்குப் போகாமல் கணினியின் மெமரியிலேயே நிற்கலாம், லினக்ஸில் இது நன்றாகவே தெரியும், கோடு முழுசாக ஓடிவிடும், எஜெக்ட் கொடுத்தால் அரை நிமிஷம் எழுதிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 10இல் 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, சட்டென்று எடுத்தாலும் பெரிதாகக் கெடாதபடி வைத்திருக்கிறார்கள், அதுவும் காப்பி ஓடாத நேரத்தில்தான். வாடிக்கையாளர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நின்றாலும் எஜெக்ட் கொடுத்தே கையில் கொடுங்கள்.

உங்கள் கடைக் கணினியில் இன்றைக்கே செய்ய வேண்டியது: விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் ஆட்டோபிளே, செருகியதும் திறக்கவா என்று கேட்பதும் தானே திறப்பதும் அதுதான், அதை ஆஃப் செய்துவிடுங்கள். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டு, வருகிற பென் டிரைவை முதலில் அதில் செருகிப் பாருங்கள், விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அங்கே ஓடாது, மறைத்து வைத்த ஃபோல்டரும் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம்.