உளி நின்ற பிறகும் ஓடட்டும் கேமரா

(புகைப்படக்காரர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் எல்லோரும் படம் எடுக்கத் தெரிந்தவர்கள். ஃபிரேம் வைப்பதையும் வெளிச்சம் பார்ப்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டில் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு கைவினைஞரைப் பற்றி ஐந்தாறு நிமிட ஆவணப்படம் எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் கை நின்றதும் நீங்கள் கேமராவை நிறுத்திவிடாதீர்கள்.

புகைப்படக்காரருக்கு உச்சத்தைப் பிடித்துத்தான் பழக்கம். சம்மட்டி இறங்கிப் பொறி பறக்கிற கணம், களிமண் விரல்களுக்கு நடுவே எழுகிற கணம். அது கிடைத்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். அடுத்த கோணத்துக்கு நகர்ந்துவிடுவோம். வீடியோ எடுக்க வந்தாலும் அதே பழக்கம் கூடவே வருகிறது. சம்மட்டி விழுகிறது, பட்டனை அழுத்தி நிறுத்துகிறோம். உளி இறங்குகிறது, நிறுத்துகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அழகான துண்டுகள் நிறைய இருக்கும்; வேலை இருக்காது.

ஒரு தச்சர் பலகையின் விளிம்பை இழைப்பதைப் பாருங்கள். இழைப்புளி நான்கு தடவை நீளமாகப் போய் வருகிறது, சீவல் சுருண்டு விழுகிறது. நம்மில் பலர் எடுப்பது இதைத்தான். அப்புறம் அவர் நிறுத்துகிறார். பலகையைத் தூக்கி ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அதன் விளிம்பு வழியே பார்க்கிறார். கட்டைவிரலால் மெதுவாக வருடிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் விரல் தயங்குகிறது. இழைப்புளியைத் திருப்பிப் பிடித்து, அதன் இரும்பில் ஒரு சின்னத் தட்டு. மறுபடி இழைக்கும்போது முழு நீளத்துக்கும் போகவில்லை. விரல் தயங்கிய இடத்தில் மட்டும் காகிதம்போல் மெல்லிய ஒரு சீவல். இப்போது சொல்லுங்கள், அவருடைய தொழில் எங்கே இருக்கிறது? அந்த நான்கு தடவை இழைப்பதை ஓரளவு பழகினால் யாரும் செய்துவிடலாம். விரல் தயங்கியதே, அதற்குத்தான் பல வருடம் வேண்டும். கேமரா முன்பே நின்றுபோயிருந்தால் அது படத்தில் கிடையாது.

இரண்டு மரத்துண்டுகளை இணைக்கும்போதும் இதே கதைதான். முளையைத் துளைக்குள் நுழைத்துத் தள்ளுவார். பாதி போய் நிற்கும். வெளியே இழுத்து, எந்த இடத்தில் உரசிப் பளபளப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் உளியால் தொட்டுவிட்டு மறுபடி நுழைப்பார். கடைசியில் கொட்டாப்புளியால் அடித்து இறக்குவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த அடி ஏன் சரியாக இறங்கியது என்பதற்கான விளக்கம் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

அதனால் ஒரு ஷாட்டை எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி எளிமையானது. கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே ஓடவிடுங்கள். அதைக் கீழே வைத்து, செய்ததைப் பார்த்து, அடுத்ததற்குக் கை நீளும் வரை ஓடட்டும். கார்டில் இடம் போகும்தான், போகட்டும்.

இந்த விதியைப் பின்பற்றுவதற்குக் கேமராவின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டில் கேமரா வீடியோவுக்கு வந்து ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. 2008 ஆகஸ்டில் வந்த நிக்கான் டி90தான் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் ஸ்டில் கேமரா. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), முழு எச்டி, விரும்பிய லென்ஸை மாட்டிக்கொள்ளும் வசதி. பெரிய யூனிட்டும் வாடகைக் கேமராவும் இல்லாத தனி ஆளுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு ஷாட் ஏறக்குறைய 12 நிமிடம்தான் ஓடும்; ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பின்னால் வந்த பல கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றன. 30 நிமிடம் பதிவு செய்தால் அன்றைய ஐரோப்பியச் சுங்க விதிப்படி அது வீடியோ கேமரா ஆகிவிடும், கூடுதல் வரி விழும் என்ற நிலை இருந்தது. அதைத் தவிர்க்கத்தான் அந்த ஒரு விநாடிக் குறைவு. உங்கள் கேமரா எங்கே நிற்கும், எவ்வளவு நேரத்தில் சூடாகி அணைந்துவிடும் என்று பட்டறைக்குப் போகும் முன்பே வீட்டில் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஷட்டர் விஷயத்தில் புகைப்படக்காரருக்கு ஒரு தடுமாற்றம் வரும். வேகமான கையை 1/1000 விநாடியில் உறைய வைத்தே பழகியவர்கள் நாம். வீடியோவில் அப்படி வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும், ஆனால் கை வெட்டி வெட்டி நகரும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. அப்போதுதான் சம்மட்டி வீச்சில் கண்ணுக்குப் பழகிய மங்கல் வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. அங்கே டியூப்லைட் போன்ற விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 அந்தத் துடிப்போடு ஒத்துப்போவதால் படத்தில் பட்டை ஓடாது. 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 வையுங்கள். பட்டறைக்கு வெளியே வெயிலில் 1/50 என்றால் வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். அப்போது ஷட்டரைத் தொடாமல் லென்ஸுக்கு முன்னால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள்.

அப்புறம் ஃபோகஸ். லென்ஸின் துவாரத்தை எஃப்/1.4 என்று அகலமாகத் திறந்து வைத்துப் பின்னணியை வெண்ணெயாக உருக்குவதில் நமக்கெல்லாம் ஆசைதான். கைவேலையில் அது உதவாது. உளியின் முனை ஃபோகஸில் இருக்கும், உளியைப் பிடித்த விரல் இருக்காது. எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு செய்கிறார் என்பதும் தெரியாது. எஃப்/4, எஃப்/5.6 என்று மூடி, வேலை நடக்கும் இடத்தில் கையால் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸை விட்டால், அவர் கை குறுக்கே போகும்போதெல்லாம் அது அலையும். வெள்ளைச் சமநிலையையும் (நிறத்தைச் சரியாகக் காட்டும் அமைப்பு) எக்ஸ்போஷரையும் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) அப்படியே பூட்ட வேண்டும். கொல்லர் பட்டறையில் இது ரொம்ப முக்கியம். உலையிலிருந்து பழுத்த இரும்பை வெளியே எடுத்ததும் தானியங்கி எக்ஸ்போஷர் பட்டறை முழுவதையும் இருட்டாக்கும். இரும்பு ஆற ஆற மறுபடி வெளிச்சமாக்கும். உண்மையில் அந்த நிறம்தான் அவர் படிக்கிற மொழி. எந்தச் சிவப்பில் அடிக்கலாம், எப்போது திரும்ப உலைக்குள் வைக்க வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றினால் அந்த நிறம் பொய்யாகிவிடும். இரும்பின் நிறம் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்துவிட்டு, மீதி இடம் இருண்டால் இருளட்டும் என்று விடுங்கள்.

இந்தக் கேமராக்களில் பலவற்றின் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் படிக்கும். அதனால் வேகமாகக் கேமராவைத் திருப்பினால் கதவு நிலை சாய்ந்து தெரியும். முக்காலியில் வைத்து அசையாமல் எடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். அசைய வேண்டியது அவர்தான்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். புகைப்படத்தில் காதுக்கு வேலையே இல்லாததால், நம்மில் அநேகம் பேர் கடைசியாக யோசிப்பது இதைத்தான். கைவினைஞரோ பாதி வேலையைக் காதால் செய்கிறார். ஆணி முழுக்க இறங்கிவிட்டதா என்பது சுத்தியல் சத்தம் மாறுவதில் தெரியும். பானையை விரலால் சுண்டிப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இழைப்புளி மழுங்கினால் சீவும் ஓசை மாறும்; அவர் அதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார். ஏன் நிறுத்தினார் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமானால், அந்த ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும்.

கேமராவின் சொந்த மைக் இதற்குப் போதாது. அது கேமரா இருக்கும் இடத்தில் கேட்கிறது; வேலை நடப்பது வேறு இடத்தில். தவிர, தானியங்கி ஒலி அளவு என்று ஒன்று உண்டு. அடிகளுக்கு நடுவே அமைதி வந்தால் அது ஒலியைக் கூட்டிக்கொண்டே போய் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கொண்டுவந்துவிடும். நான் முக்கியம் என்று சொல்லும் அந்த இடைவெளியையே கெடுப்பது அதுதான். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். தனியாக ஒரு சின்ன ரெக்கார்டரை வேலை மேடைக்கு அருகில் வையுங்கள். மேடை மேலேயே வைத்தால் ஒவ்வொரு அடியும் மரத்தின் வழியாக மைக்குக்குள் ஏறும். பக்கத்தில் வேறு எதன் மேலாவது, அடியில் மடித்த துணி போட்டு வையுங்கள். அவர் அடிக்கிற பலமான அடியை ஒருமுறை அடிக்கச் சொல்லி, ரெக்கார்டரின் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் (உச்ச வரம்புக்கு 12 டெசிபல் கீழே) நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அதைக் கொண்டு பொருத்திவிடலாம். கிளம்பும் முன் எல்லோரும் பேசாமல் இருந்து பட்டறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டும் இடங்களில் ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது.

ஒரே கேமராவை வைத்துப் பல கோணம் எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். கைவேலை நமக்குத் தரும் பெரிய சலுகை இங்கேதான் இருக்கிறது. அவர் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். ஒரு நாற்காலிக்கு நான்கு கால். ஒரு தொகுதிக்குப் பல பானை. முதல் காலுக்கு முழுப் பட்டறையும் தெரியும்படி அகலமாக வையுங்கள். அடுத்ததற்குக் கையருகே போங்கள். அதற்கடுத்ததற்கு முகத்தில் மட்டும் நில்லுங்கள். மூன்றையும் சேர்த்தால் மூன்று கேமரா வைத்ததுபோல் வரும். 'இதை இன்னொரு தடவை செய்யுங்கள்' என்று அவரைக் கேட்கவே வேண்டாம். நமக்காகச் செய்யும்போது கை வேறு மாதிரி இயங்கும். கவனம் கேமரா மேல் போய்விடும், கூர்மையான கருவி கையில் இருக்கிறது. 'அடுத்ததைத் தொடங்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா' என்று கேட்டால் போதும்.

முகத்தில் நிற்பது பற்றி ஒரு வார்த்தை. கையை எடுத்துத் தீர்த்த பிறகு எஞ்சிய நேரத்துக்கு முகம் என்று நினைத்துவிடாதீர்கள். அளவு பார்க்கும்போது மூச்சை அடக்குவதும், நாக்கைப் பல்லில் கடிப்பதும், சரியாக வந்ததும் தோள் இறங்குவதும் கையருகே இருந்தால் கிடைக்காது.

காயும் மண்பாண்டம்போல் மெதுவாக நடப்பவற்றுக்கு உங்கள் பழைய தொழில் கைகொடுக்கும். மூன்று மணி நேரத்தைப் பத்து விநாடிக்குள் அடக்க வேண்டுமா? 250 புகைப்படம் போதும். 43 விநாடிக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொண்டே இருங்கள். ஆனால் அவருடைய கை வேலையை இப்படி ஓட்டாதீர்கள். ஸ்லோமோஷனும் வேண்டாம் என்பேன். எந்த வேகத்தில் செய்கிறாரோ அந்த வேகமே அவர் சம்பாதித்தது. அதை மாற்றினால் அழகாகத் தெரியலாம், ஆனால் அது அவருடையதாக இருக்காது.

பேட்டியைக் கடைசியில் வையுங்கள். வேலையைப் பார்த்த பிறகுதான் உருப்படியான கேள்வி வரும். 'எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்' என்பதற்கு எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். 'அந்த மூன்றாவது பலகையை ஏன் ஓரமாக வைத்துவிட்டீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள், அவர் உட்கார்ந்திருக்கும் விதமே மாறிவிடும். உங்கள் கேள்வி படத்தில் இருக்காது. அதனால் கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். கை நிற்கும்போது சொன்னது இங்கேயும் பொருந்தும்: சும்மா இருந்தால் இன்னொரு வாக்கியம் வரும், பெரும்பாலும் அதுதான் படத்தில் நிற்கும். 'இந்தத் தொழிலின் கடைசி ஆள்' என்ற புலம்பலை மட்டும் நீங்களாக அவர் வாயில் திணிக்காதீர்கள். அவர் சொன்னால் வையுங்கள். சொல்லவில்லை என்றால் அது உங்கள் கவலை, அவருடையது அல்ல.

எடிட்டிங்கில் நீங்கள் எதிர்கொள்ளப்போகும் சோதனை பின்னணி இசையும் வர்ணனையும். கண்ணாடி ஊதுபவர்களைப் பற்றி பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்த 'கிளாஸ்' பத்து நிமிடம் சொச்சம்தான் ஓடும். ஊதும் உதடுகளையும் சுழலும் குழல்களையும் வர்ணனைக் குரலே இல்லாமல் காட்டி ஆஸ்கர் வாங்கியது. அதில் இசை உண்டு, ஆனால் தொழிலாளிகளின் அசைவோடு சேர்ந்துதான் அது நடக்கிறது. உங்களிடம் அப்படியோர் இசை இல்லையென்றால் பட்டறை ஒலியை மட்டும் நம்புங்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் சற்று முன்னாலேயே வரட்டும், படம் பின்னால் வரட்டும், வெட்டு உறுத்தாது. துண்டு துண்டாக வெட்டும் ஆசை வந்தால், அவர் பார்த்து, வருடி, தட்டி, மறுபடி சீவிய அந்த ஒரு ஷாட்டை மட்டுமாவது முழுசாக விட்டுவையுங்கள். ஐந்து நிமிடப் படத்தில் நாற்பது விநாடி ஒரே ஷாட் நின்றால் பார்ப்பவர் எழுந்து போய்விட மாட்டார்.

ஒன்றை மறக்கக் கூடாது. நீங்கள் இருந்த நேரமெல்லாம் அவருடைய கூலி நேரம். தொழிலில் வெளியே காட்ட விரும்பாத கலவையோ அளவோ இருக்கும். அதை எடுக்கலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் கேமராவைத் திருப்பிவிடுங்கள். வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒளிப்பதிவு எப்படி என்று அவர் சொல்லப்போவதில்லை. 'இதை முடித்த பிறகுதானே அதைச் செய்வேன், மாற்றிப் போட்டிருக்கிறீர்களே' என்பார். அதைக் கேட்டு வரிசையைத் திருத்துங்கள், ஷாட் அழகு போனாலும் சரி.

படத்தோடு சேர்த்து, வெட்டாத நீள ஷாட்டுகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் தொழில் கற்க வரும் பிள்ளைக்கு உங்கள் ஐந்து நிமிடப் படத்தைவிட அது அதிகம் பயன்படும்.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.