4294967297: தன் காரணியைத் தானே காட்டிக்கொடுக்கும் எண்

[திரையில்: 4294967297 = 2³² + 1]

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இந்தப் பத்து இலக்க எண். இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் ஒவ்வொரு 1 நிற்க, இடையில் 31 பூஜ்ஜியங்கள் வரும்.

அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும்போது இதே வகையில் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக இருந்ததால், அவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று கணிதவியலாளர் பியர் தெ ஃபெர்மா 1640-இல் கருதினார். ஆறாவதாக வரும் நம் எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் லியோனார்ட் ஆய்லர் காட்டினார். ஈவு 6700417, அதுவும் பகா எண்ணே.

இது பகா எண்தான் என்று வெறும் வகுத்தலால் உறுதிசெய்ய, இதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536-க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணின் அமைப்பே தேடலைச் சுருக்கிவிடுகிறது. p என்னும் பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்கு −1-க்கும், 64-ஆம் அடுக்கு 1-க்கும் சமானமாகும் (அதாவது, அதே மீதியைத் தரும்). 64-க்குக் குறைந்த எந்த அடுக்கும் 1-க்குச் சமானமாகாது; p−1-ஆம் அடுக்கோ எப்போதும் 1-க்குச் சமானம். ஆகவே p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

[திரையில்: 641 = 5 × 2⁷ + 1 = 5⁴ + 2⁴]

வகுத்தலே செய்யாமலும் இதை நிறுவலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 641-ஐ இரு விதமாக எழுத முடிகிறது. 641-ஆல் வகுக்கும்போது, முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது −1-க்குச் சமானம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமானம். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴-க்குச் சமானம் என்பதால், அதை அங்கே இட்டதும் −2³² என்பது 1-க்குச் சமானமாகிறது. அதாவது 2³² + 1 என்பது 641-இன் மடங்கு.

[திரையில்: 65536² + 1² = 62264² + 20449²]

இது பகு எண் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக அதிகபட்சம் ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இதற்கோ இரண்டு வழிகள் இருக்கின்றன.

பியர் வான்ட்செல் 1837-இல் நிறைவாக நிறுவிய தேற்றத்தின்படி, பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள ஓர் ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவு குறிக்கப்படாத அளவுகோலும் கொண்டு வரைய, அந்த எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (மேலே சொன்ன வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாகவோ அவற்றில் ஒன்றாகவோ இருக்க வேண்டும்; இருந்தால் போதும். 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537 என்பதால் அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கொள்கையளவில் வரைய முடியும். அதைவிட இரண்டே பக்கங்கள் கூடுதலாக உள்ள 4294967297 பக்கப் பலகோணத்தை வரைய முடியாது; அதன் காரணிகளான 641-உம் 6700417-உம் அந்த வரிசையில் இல்லை.