நெல் நனைந்த அன்று வேதியியல் பரீட்சை

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும், அது அறுப்பு மிஷின். இன்றைக்குப் பக்கத்து வயலில் ஓடுகிறது. அது நிற்கிற நேரமாகப் பார்த்துப் பேசலாம் என்று இருந்தேன். ராத்திரி பத்து மணிக்கும் நிற்காது போல, அதனால் பேசிவிடுகிறேன்.

தட்டோட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் மொட்டை மாடிக்குத் தட்டோட்டி என்று பேர். கேமராவைத் திருப்புகிறேன். மேற்கே நீலமாகத் தெரிகிறதே, அது பொதிகை மலை. கீழே மஞ்சளாகக் கிடப்பது கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரிந்து வருகிற கால்வாய் இது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை எல்லாம் இந்தத் தண்ணீரில் விளைகிற ஊர்கள். எங்களுக்கும் இதில் இரண்டு ஏக்கர் இருக்கிறது.

பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு உயிரியல் மட்டும் பாக்கி, அதற்கு இன்னும் நான்கு நாள். இந்த நேரத்தில் எதற்கு வீடியோ என்று கேட்பீர்கள். முந்தாநாள் நடந்ததை யாரிடமாவது முழுதாகச் சொல்லாமல் புத்தகத்தில் மனசு போக மாட்டேன் என்கிறது.

முந்தாநாள் வேதியியல். எங்கள் ஊரில் பிசானம் என்கிற பருவத்து நெல் அறுப்பும் பொதுத் தேர்வும் மார்ச் மாதத்தில்தான் சேர்ந்து வரும். வருஷா வருஷம் பார்த்துத் தெரிந்ததுதான், ஆனால் நான் எழுதுகிற வருஷம்தான் அதன் பாரம் தெரிந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் வயலில் பாதி அறுத்து, நெல்லைத் தார் ரோட்டோரம் காயப் போட்டிருந்தோம். மீதிப் பாதி நின்றது. காலையில் ஆச்சி திருநீறு பூசிவிட்டு, "நல்லா எழுதுட்டி, வயல் பாட்டை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். அம்மா தயிர்ச் சோறு கட்டித் தந்தாள். அப்பா ஹால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பஸ் ஏறும்போது வானம் வெளுத்துத்தான் கிடந்தது.

பத்து மணிக்கு வினாத்தாள் தந்தார்கள். வாசிக்கப் பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிஷம், அப்புறம் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்தும் ஓடிவிட்டன. ஐந்து மதிப்பெண்ணில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு வந்திருந்தது. அதை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், ஆசையாக முதலில் அதை எடுத்தேன். பாதி வந்திருப்பேன், ஜன்னல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மண் வாசனை வந்தது. அப்புறம் சடசடவென்று இறங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில் நான் ஹாலில் இல்லை. ரோட்டில் இருந்தேன். தார்ப்பாய் இரண்டுதான் இருக்கிறது, ஒன்றில் ஓட்டை. அப்பா மேல வயலில் நின்றிருந்தால் ஓடி வர எவ்வளவு நேரம் ஆகும், ஆச்சியால் சாக்கைத் தூக்க முடியுமா, அம்மாவுக்கு யாராவது கை கொடுப்பார்களா, இதெல்லாம்தான் ஓடியது. பேனா கையில் இருக்கிறது, எழுத்து வரவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, தண்ணீர் குடிக்கிறாயா?" என்று கேட்டபிறகுதான் தாளைப் பார்த்தேன். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. அந்தக் குரலை மறக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன், 33வது கேள்வியைத் தவிர. மூன்று மதிப்பெண்ணில் அதுதான் கட்டாய வினா, விட்டுவிட்டு வேறு ஒன்றை எழுத வழியில்லை. கணக்கைப் பாதியில் விட்டேன், மணி அடித்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது மனசு தானாகக் கணக்குப் போட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கான கட் ஆஃபில் வேதியியல் மார்க்கைப் பாதியாக்கித்தான் சேர்ப்பார்கள், அதனால் மூன்று மதிப்பெண் போனால் ஒன்றரை குறையும். இருநூறுக்கு ஒன்றரை என்றால் கேட்கிறவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். கவுன்சிலிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று.

வீட்டுக்கு வந்தால் யாரும் பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் நெல்லைப் பற்றிக் கேட்கவில்லை. திண்ணையில் ஈரச் சாக்குகள் அடுக்கியிருந்தன. நின்ற பயிர் சாய்ந்துவிட்டது. சாய்ந்த பயிரை அறுக்க மிஷினுக்கு நேரம் கூடும், நேரத்துக்குத்தான் வாடகை. வயலில் ஈரம் இருந்தால் டயர் மிஷின் இறங்காது, செயின் மிஷின் வேண்டும், அதற்கு வாடகை இன்னும் அதிகம். நனைந்த நெல்லை அப்படியே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மறுபடி காயப் போட வேண்டும், மறுபடி வானத்தைப் பார்க்க வேண்டும்.

ராத்திரி ஆச்சி வேதசர்மா கதையைச் சொன்னாள். சின்ன வயசிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பேன். சாமி நைவேத்தியத்துக்கு வீடு வீடாக யாசகம் வாங்கிய நெல்லைக் காயப் போட்டுவிட்டு அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். மழை கொட்டுகிறது. ஐயோ என்று ஓடி வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையாமல் கிடக்கிறது. இறைவன் அதைச் சுற்றி வேலி போட்டுக் காத்தாராம். அதனால்தான் ஊர் திருநெல்வேலி, சாமி நெல்லையப்பர். இத்தனை வருஷமும் இதைக் கோயில் கதையாகத்தான் கேட்டேன். முந்தாநாள்தான் இது அறுப்புக் காலத்தில் மழை பார்த்த ஒருவர் சொன்ன கதை என்று பட்டது. அந்தப் பயம் அவ்வளவு பழசு.

நேற்றுக் காலையில் தாவரவியல் புத்தகத்தை எடுத்தேன். பயிர்ப் பெருக்கம் பாடம், அதாவது ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்குவது. ஐ.ஆர். 8 நெல் பற்றி வரும், 1966ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்டது. இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெல்லையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லையும் கலந்து எடுத்தது. இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எதற்காகக் குட்டை ரகத்தைத் தேடிப் போனார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. உயரமான பயிர், உரம் போட்டுக் கதிர் கனத்தால் தாங்காமல் சாய்ந்துவிடும். தண்டு குட்டையாக, உறுதியாக இருந்தால் நிற்கும். சாயாமல் நிற்கிற நெல்! தலையைத் தூக்கினால் ஜன்னல் வழியாக எங்கள் பயிர் சாய்ந்து கிடக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இதெல்லாம் எங்கேயோ பிலிப்பைன்ஸில்தான் நடக்கும் என்றும் இல்லை. பிசானத்துக்கு முந்தின கார் பருவத்துக்கு அப்பா விதைக்கிற அம்பை 16 இருக்கிறதே, ஏ.எஸ்.டி. 16, அதை இங்கே பக்கத்தில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவாக்கினார்கள். ஏ.டி.டி. 31, கோ 39 இரண்டையும் கலந்து 1986ல் வெளியிட்டார்கள். 110, 115 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். இட்லிக்கு அந்த அரிசிதான் எங்கள் வீட்டில். அந்த நிலையத்தைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை தொடங்கின நாளிலிருந்து பார்க்கிற எல்லோரும், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். அத்தைக்கு நான் நர்சிங் படிக்க வேண்டும். பெங்களூரில் இருக்கிற மாமாவுக்குக் கம்ப்யூட்டர். இதுவரை நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன், ஏனென்றால் எனக்கே தெரியாது. இப்போது தெரியும். பி.எஸ்சி. அக்ரி படிக்கப் போகிறேன், அப்புறம் பயிர்ப் பெருக்கத்தில் மேல்படிப்பு. வல்லநாட்டுக்குப் பக்கம் கிள்ளிகுளத்தில் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். என்னை மாதிரி அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள் இதைக் கேட்டால், தயவுசெய்து இதையெல்லாம் இப்போதே விசாரித்து வையுங்கள். என் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

கஷ்டமான ஆள் அப்பாதான். நேற்று ராத்திரி சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "வயல்ல கெடந்து நான் பட்டது போதாதா? நீயும் அதுக்கேவா போற?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. இந்தச் சேற்றிலிருந்து என்னைக் கரையேற்றத்தான் அவர் இத்தனை வருஷமும் உழுதார். அது எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வரவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன், தண்டு, குட்டை ரகம், சாயாமை எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "சாயாதுன்னா எவ்வளவு காத்துக்குச் சாயாது? மழை நின்னு பெய்ஞ்சா?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று காலையில் அம்மாவிடம், வல்லநாட்டுக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்திருக்கிறார்.

33வது கேள்வி இன்னும் உறுத்துகிறது. உயிரியலில் அதைச் சரிக்கட்ட வேண்டும், விலங்கியலில் மூன்று பாடம் இன்னும் திருப்பவில்லை. வெயில் ஏறிவிட்டது, நெல்லைக் கிண்டிவிட ஆச்சி கூப்பிடுகிறாள். போயிட்டு வாரேன்.