கப்பக்கெழங்கு தின்ன வந்தியத்தேவன்

நடுவர் அய்யாவுக்கும், எதிரணி அக்காமாருக்கும், பனி கொட்டுறதயும் பாக்காம முன்னாடி உக்காந்திருக்கற நம்ம பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை சனத்துக்கும் வணக்கமுங்க. ஃபேன் ஃபிக்ஷன், அதானுங்க இன்னொருத்தர் படச்ச ஆளுகள வெச்சு ரசிகருங்க எழுதற கத, அது தரமாகணும்னா பெருசா வேண்டியது எழுதறவரோட உழைப்பா, படிக்கறவரோட விமர்சனமான்னு தலைப்பு. நான் விமர்சனம்னு பேச வந்திருக்கறனுங்க.

எதிரணியில மொதல்ல பேசுன அக்கா நல்லாத்தான் பேசுனாங்க, தெனமும் ரெண்டு பக்கம் எழுது, பத்து தடவ திருத்து, தானா தரம் வரும்னாங்க. நானும் பத்து தடவ திருத்துனவதானுங்க அக்கா. என்ன ஆச்சுன்னு கேளுங்க.

நான் ஸ்கூல்ல படிச்சது மலையாளம் மீடியம், தமிழ் எங்க அம்மாயி சொல்லிக் குடுத்தது. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சப்புறம் மனசு அடங்கல, வந்தியத்தேவன குதிரையோட வாளையார் வழியா நம்ம பக்கம் கூட்டியாந்துட்டேன். களைச்சுப் போயி வர்ற மனுசன் ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில உக்காந்து ஆவி பறக்கற கப்பக்கெழங்க, அதானுங்க மரவள்ளிக்கெழங்க, காந்தாரி மொளகாச் சட்னியில தொட்டுத் தொட்டு திங்கறான், ஒரு பக்கம் பூரா அதேதான், எழுதி முடிச்சு எனக்கே பசிச்சிருச்சு. போட்டதும் நாப்பது கமெண்ட். சூப்பர் சிஸ், செம்ம, வெயிட்டிங், அப்பறம் நெருப்பு பொம்மை. ஒரே ஒருத்தர் மட்டும் எழுதறாரு, கத நல்லா போகுது, ஆனா கப்பையும் மொளகாயும் அமெரிக்காக் கண்டத்துப் பயிரு, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498ல, உங்க ஆளு அதுக்கு ஐநூறு வருசம் முந்தியே எப்படித் தின்னான்னு.

எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாளு போனையே தொடலைங்க. மூணாம் நாளு எடுத்து கப்பைய சேனையாக்குனேன், மொளகாய மொளகாக்குனேன். மொளகுன்னு வந்ததும், இது எந்த மலை மொளகு, கெழக்க யாரு கொண்டு போனாங்கன்னு யோசன ஓடுது, பாட்டிக்கு பொதிமாடு ஓட்டற மகன் ஒருத்தன் வந்தான், கணவாயில சுங்கக்காரன் வந்தான், அங்கிருந்து ஆறு அத்தியாயம் எழுதுனேன். பத்து தடவ திருத்துனப்ப இதுல ஒண்ணாவது என் கண்ணுல பட்டுச்சா? நம்ம வீட்டு நாத்தம் நமக்குத் தெரியாதுங்க.

வெளிநாட்டுல இந்தக் கதை எழுதறவங்க இத எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. வெளியிடறதுக்கு முன்ன படிச்சுத் திருத்தம் சொல்றவருக்கு பீட்டா ரீடர்னு பேரே வெச்சிருக்காங்க. 1973ல பாலா ஸ்மித்னு ஒரு அம்மா, ஸ்டார் ட்ரெக்குங்கற விண்வெளி டிவி தொடரோட ரசிகர் கதைங்கள படிச்சுப் படிச்சு சலிச்சுப் போயி, பதினஞ்சரை வயசுலயே லெப்டினன்ட் ஆன, எதுவுமே தெரியாதுன்னு சொல்லாத ஒரு பொண்ண வெச்சு குட்டியா ஒரு நையாண்டிக் கத எழுதுனாங்க. அந்தப் பொண்ணு பேரு மேரி சூ. இன்னிக்கி வரைக்கும் குறையே இல்லாத கதாநாயகி வந்தா அந்தப் பேரச் சொல்லித்தான் கேலி. அத எழுதுன அம்மாவும் ஒரு வாசகிதானுங்களே. (என் கதையில குந்தவைக்கு ஒரு தோழி வர்றா, வாள் வீசுவா, வைத்தியம் பாப்பா, ஏழு பாஷ பேசுவா. சிரிக்காதீங்க, இப்ப ரெண்டு பாஷையா கொறச்சுட்டேன்.)

குறை சொன்னா புதுசா எழுதறவங்க ஒடஞ்சு போயிருவாங்கன்னு ரெண்டாவது அக்கா சொன்னாங்க. ஒத்துக்கறேன். மொக்கைன்னு ஒத்த வார்த்த போட்ட ஒருத்தராலதான் நான் மூணு மாசம் எழுதாமக் கெடந்தேன். ஆனா அது விமர்சனமே இல்லைங்க. டெய்லர் கிட்ட போயி ஜாக்கெட் நல்லால்லன்னா அவரு என்ன பண்ணுவாரு, கை அரை இஞ்ச் பிடிக்குதுன்னு சொன்னாத்தான பிரிச்சுத் தைப்பாரு. அந்தக் கணக்குல பாத்தா சூப்பர் சிஸ்ஸும் மொக்கையும் ஒண்ணுதான், ரெண்டு பேருமே எடத்தக் காட்டல.

ஒத்த வார்த்தைய காட்டுனாக்கூட போதும். வால்மீகி சொல்லாத இரணியன் கதைய நடுவுல சேத்த கம்பரும் ஒரு வகையில நம்ம ஆளுதானுங்க. அவரு துளிங்கற அர்த்தத்துல துமின்னு ஒரு சொல்லப் போட்டதுக்கு ஒட்டக்கூத்தர் அப்படி ஒரு சொல்லே இல்லன்னு மடக்குனாராம், கம்பரு ராசாவ இடையர் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனாராம், மோர் கடையற பொம்பள பிள்ளைங்கள துமி தெறிக்கும், தள்ளி நில்லுங்கன்னாளாம். நடந்துச்சோ இல்லையோ, கேக்கறதுக்கு ஒருத்தர் இருந்தா எழுதுனவரும் தன் சொல்லுக்கு சாட்சி தேடித் தெருவுல எறங்கணும்கறது அந்தக் கதையில இருக்குதுங்க.

உடனே எதிரணியில கேப்பாங்க, நம்ம பாலக்காட்டு பகவதி கோயில்கள்ல தோல்பாவக்கூத்து நடக்குதே, முன்னால கேக்க ஆளே இல்லாட்டியும் இருவத்தியொரு வெளக்கு வெச்சு விடிய விடிய கம்பராமாயணம் பாடறாங்களே, அவங்களுக்கு யாரு கமெண்ட் போட்டான்னு. கூத்துமாடத்துக்குப் பின்னாடி போயி பாருங்க அக்கா. ஒரு புலவர் பாட்டச் சொல்லி பொருள் சொல்லுவாரு, பக்கத்துல நிக்கற புலவர் விடமாட்டாரு, அது எப்படின்னு கேள்வி போடுவாரு, இவரு பதில் சொல்லணும். திரைக்கு முன்ன ஆளில்லைன்னு விமர்சகர திரைக்குப் பின்னாலயே நிறுத்தி வெச்சிருக்காங்க!

மணி அடிச்சுட்டாங்க. மொதல்ல பேசுன அக்காவோட தொடர்கதைய நான் விடாமப் படிக்கறவ, பதினாலாம் அத்தியாயத்துல செத்துப்போன தளபதி பதினேழுல வந்து பந்தியில சாப்படறாரு. மேடையில விவரமாச் சொன்னா நல்லாருக்காது, எறங்குனதும் டீக்கடையில பக்கம் நம்பரோட தர்றேனுங்க அக்கா. உக்காந்துக்கறேன்.