கிராணி இல்லாத காலத்தில் ஒரு கடிதம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். மாற்றுத்திறனாளிகள் வேலையிடத்தில் தங்களுக்கு வேண்டிய வசதியை எழுத்தில் கேட்பது பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் ஒரு தேவை என்றால் யாரிடம் சொன்னார்கள்? ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடம். அவர் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்வார். கிராணிக்கு மனமிருந்தால் தோட்ட மேலாளரான துரை காதுக்குப் போகும். எல்லாம் வாய்வழிதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடு போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் சூப்பர்வைசர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டுதான் கேட்கிறோம். "பார்க்கலாம்லா" என்கிறார். அதோடு சரி.

என் அக்கா மகனுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அவனுடைய சூப்பர்வைசரோ முகக்கவசம் போட்டுக்கொண்டு காலையில் அன்றைய வேலையைச் சொல்வார். தப்பு நடந்தால் பழி இவன் தலையில். நானே போய் இரண்டு முறை கேட்டேன், நடக்கவில்லை. பிறகு ஒருநாள் போனோடு உட்கார்ந்தோம். நான் தமிழில் பேசப் பேச எழுத்தாக விழுந்தது. அதை மலாய்க்கு மாற்றி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினோம். நாலே வரி. என்ன வேலை செய்கிறேன், எது தடையாக இருக்கிறது, என்ன வேண்டும். அன்றைய வேலையை வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுங்கள். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கு ஒன்று பொருத்துங்கள். எந்த டாக்டர், என்ன மருந்து என்ற கதையெல்லாம் எழுதவில்லை. நாங்கள் அனுதாபம் கேட்கப் போகவில்லையே! வாட்ஸ்அப் செய்தி அடுத்த வாரமே வந்தது. விளக்குக்கு ஐந்து மாதம், மூன்று நினைவூட்டல்.

போனை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாம் கேட்கும் இந்த வசதிக்கு ஆங்கிலத்தில் 'ரீசனபிள் அக்கமடேஷன்' என்று பெயர். மொழிபெயர்ப்புச் செயலி அதைத் தங்குமிடம் என்று எடுத்துக்கொண்டால், எங்களிடம் ஹாஸ்டல் இல்லை என்று கம்பெனி பதில் போட்டுவிடும்! மலாயில் 'பென்யெசுவாயான் முனாசாபா' என்று எழுதுங்கள். அனுப்புமுன் மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் காட்டுங்கள்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-ஆவது சட்டம். அதன் 29-ஆவது பிரிவு மற்றவர்களுக்குச் சமமான வேலைவாய்ப்பு உரிமையைச் சொல்கிறது. 2010-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை இன்னும் தெளிவு: நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு. ஆனால் பாகுபாடு காட்டும் முதலாளிக்கு நம் 2008 சட்டத்தில் தண்டனை இல்லை. பல் பிடுங்கிய பாம்பு. அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் காட்டி வழக்கே போடலாம். இங்கே நமக்குப் பெரிய துணை தேதி போட்ட எழுத்துதான். மேனேஜர் வாயால் பதில் சொன்னாரா? "இன்று நீங்கள் சொன்னது இது" என்று அன்று மாலையே ஒரு செய்தி தட்டிவிடுங்கள்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வாங்கும் கருவிக்கு வருமான வரியில் முதலாளிக்குக் கழிவு உண்டு. அவருடைய சம்பளத்துக்கு இரட்டைக் கழிவு. கடிதத்தில் இதைக் கடைசி வரியாகப் போடுங்கள். முதலாளி கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்ட ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது, கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. இரண்டுக்கும் காசு வேண்டாம். வேலையில் அடிபட்டவர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிடம் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைக் கேளுங்கள், 2007-இலிருந்து நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எடுக்காதவர்கள் சமூக நல இலாகாவுக்குப் போய் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

பேசியது போதும். அந்தத் தூணோரம் இருக்கும் அக்கா, நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது என்றீர்களே, போனில் சார்ஜ் இருக்கிறதா? இப்படி முன்னால் வாருங்கள். ஒரு நாற்காலி கேட்டு எழுதுவோம்.